இராசநாயகம் சாரும் கவுன்டர் பொம்மையும்

சார் இறந்துபோன செய்தி எனக்குச் சத்தமில்லாமல் வந்தது. மேரு என்கிற ஊரில் கையுறைத் தொழிற்சாலைக்கு எதிரே வேனை நிறுத்திவிட்டு, பகல் ஷிப்ட் பெண்கள் வெளியே வருவதற்காகக் காத்திருந்தேன். என் பிழைப்பு அதுதான். கிள்ளானில் ஏற்றி இங்கே இறக்குவது, இங்கே ஏற்றிக் கிள்ளானில் இறக்குவது. அந்தத் தொழிற்சாலையின் ரப்பர்பால் வாடை பெண்களின் துணியிலும் முடியிலும் ஏறி வந்து என் வேனிலேயே குடியிருக்கிறது. கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு எடுப்பவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். மல்லிகைச் சரம் வாங்கித் தொங்கவிட்டும் பார்த்தாயிற்று. ரப்பர்தான் ஜெயிக்கிறது.

கேட்டைத் தாண்டி என் தங்கை சரோஜா வந்தாள். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ரோட்டைக் கடக்காமல் அந்தப் பக்கமே நின்றாள். நடுவில் லோரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு லோரிக்கும் அடுத்த லோரிக்கும் இடையில் அவள் கை தெரிந்தது. இரண்டு விரலால் மூக்குத் தண்டைத் தேய்த்தாள். அது சாருடைய பெயர். காது கேளாதவர்கள் தங்களோடு பழகுகிறவர்களுக்கெல்லாம் கையால் ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். சார் யோசிக்கும்போது கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்ப்பார். பெயர் அப்படி வந்தது. அடுத்து ஒரு கண்டெய்னர் லோரி அவளை மறைத்தது. அது போனபோது அவள் கை, படுத்திருக்கிற ஆளைப் போல மல்லாந்து கிடந்தது. தொழிற்சாலை ஆபீசுக்கு சாரின் வீட்டிலிருந்து பேக்ஸ் வந்ததாம்.

என் பக்கத்தில் நின்ற பெண்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. "என்னா அண்ணே, கதவத் திறங்க லா, வெயிலு" என்றார்கள். திறந்தேன்.

நினைவு மலருக்கு என்னை எழுதித் தரச் சொன்னவர் சாரின் மனைவி. நாங்கள் அவரை ஆன்டி என்போம். எனக்கு எழுத வராது. தோட்டத்துப் பள்ளியில் கொஞ்ச காலம் உட்கார்ந்து எழுந்தவன். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். "இது எதுக்குப்பா?" என்று சில இடத்தில் நிறுத்துகிறாள். எழுது என்கிறேன்.

சாரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ். அரசாங்க இலாகா ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தார். ஓர் அறை முழுக்க ஒரே கம்ப்யூட்டர் இருந்த எழுபதுகளில் சேர்ந்து, அது மேசைமேல் உட்கார்ந்த பிறகு ஓய்வு பெற்றவர். அந்தப் பெரிய கம்ப்யூட்டருக்கு ஏர்கோன் போட்டிருந்ததால் சார் வருஷம் முழுக்க ஸ்வெட்டர் போட்டே பழகி, ஓய்வு பெற்ற பிறகும் கோலாலம்பூர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு திரிந்தார் என்று ஆன்டி சொல்வார்.

எனக்கு அவர் அறிமுகமானது ஒரு கல்யாணப் பயணத்தில். கிள்ளானில் அவருடைய சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். குடும்பத்தை ஏற்றிப்போக என் வேனைப் பிடித்திருந்தார்கள். அன்று பிரிக்பீல்ட்ஸுக்கு வேறு வேலையாக வந்திருந்த சரோஜாவும் பின் சீட்டில் இருந்தாள். வண்டி ஓட்டும்போது அவளோடு பேச எனக்கு ஒரே வழி, முன்னால் மாட்டியிருக்கும் கண்ணாடி. அவள் பின்னாலிருந்து கையால் பேசுவாள், நான் கண்ணாடியில் பார்ப்பேன். சிக்னலில் நிற்கும்போது ஒரு கையைத் தூக்கிப் பதில் சொல்வேன். முன் சீட்டில் இருந்த சாருக்கு இது பிடிபடவில்லை.

"தம்பி, நீர் ரோட்டைப் பாக்கிறீரோ, கண்ணாடியைப் பாக்கிறீரோ?"

"ரெண்டையும்தான் சார். பின்னால தங்கச்சி பேசுறா."

"என்ன பேசுறா?"

"உங்க வேட்டி கதவுல மாட்டிக்கிட்டு வெளியில பறக்குதாம்."

சார் கதவைத் திறந்து வேட்டியை உள்ளே இழுத்துக்கொண்டார். அதற்கப்புறம் கல்யாண மண்டபம் வரும்வரை கேள்விதான். எந்தக் கை முதலில் போகும், நெற்றியில் காட்டுவதும் தாடையில் காட்டுவதும் ஒன்றா, வேகமாகக் காட்டினால் வேறு அர்த்தமா. பின்னால் உறவுக்காரர்கள் மாப்பிள்ளை வீட்டுச் சீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் அதில் கலந்துகொள்ளவே இல்லை.

கொஞ்ச நாளில் வீடியோ கேமராவைத் தூக்கிக்கொண்டு கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மலாய் மொழியில் ஒரு வாக்கியத்தைத் தட்டினால், கம்ப்யூட்டர் திரையில் ஒரு பொம்மை அதைக் கையால் பேச வேண்டும். அதற்கு சரோஜா பேசிக் காட்டுவாளா என்று கேட்டார். நான் அதைக் கையால் அவளுக்குச் சொன்னேன். இதை ஏன் செய்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். வேறொருவராக இருந்தால் சேவை, புண்ணியம் என்று ஏதாவது சொல்லியிருப்பார். சார் சொன்னது இவ்வளவுதான்: "செய்யேலுமோ எண்டு பாக்க ஆசை."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். அதை நான்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது, வீட்டில் வேறு யாருக்கும் அவள் பேச்சு அவ்வளவு புரியாது. "அண்ணன் இல்லாம நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்ங்குறா சார்" என்றேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அவளுக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் நான் கூடப் போக வேண்டும். டாக்டர் என்னைக் கேட்பார், நான் அவளைக் கேட்பேன், அவள் என்னிடம் சொல்வாள், நான் டாக்டரிடம் சொல்வேன். முப்பது வயது தாண்டிய பெண். அண்ணனிடம் சொல்லக்கூடிய வலியும் உண்டு, சொல்லக்கூடாத வலியும் உண்டு. சொல்லக்கூடாததை அவள் பொறுத்துக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை எனக்குத் தெரியாமல் தனியாகப் போயிருக்கிறாள். அவள் நம்பரைக் கவுன்டரில் வாயால் கூப்பிட்டார்களாம். கூட்டம் கலைந்து, கவுன்டர் மூடும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிட்டாள்.

சார் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்தார். "நீர் சரியாத்தான் சொல்லுறீரோ?"

"சரியாத்தான் சார். என்னைய வேணாங்குறா."

"அப்ப அதைத்தான் செய்வம்."

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாலைக் கடைக்கு மேலே இருந்த அறையை எடுத்தார். கீழே சாமந்தியும் ரோஜாவும் கட்டுவார்கள், மேலே சார் கை கட்டுவார். அப்படித்தான் மாலைக்கடைக்காரர் கேலி செய்வார். சரோஜா ஒரு சொல்லைப் பேசிக் காட்டுவாள். சார் அதை வீடியோவில் எடுத்து, டிவியில் படம் படமாக நிறுத்தி, திரைமேல் அடிக்கோலை வைத்துத் தோள் எங்கே, முழங்கை எங்கே, மணிக்கட்டு எங்கே என்று அளப்பார். விரல் ஒவ்வொன்றும் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று பார்ப்பார். எல்லாம் எண்ணாகக் கம்ப்யூட்டருக்குள் போகும். அந்த எண்களை வைத்து முதலில் ஒரு குச்சி மனிதன் கையாட்டினான். அப்புறம் குச்சிக்குக் குழாய் வைத்தார், குழாய்க்குச் சதை வைத்தார், கடைசியில் ஒரு நீலச்சட்டைப் பொம்மை வந்தது.

ஒவ்வொரு சொல்லாக வைப்பது பெரிய கஷ்டமில்லையாம். ஒரு சொல் முடிந்து அடுத்த சொல்லுக்குக் கை போகிற வழிதான் கஷ்டம். நாம் யோசிக்காமல் செய்கிறோம். கம்ப்யூட்டருக்குக் குறுக்குவழி ஒன்றுதான் தெரியும். நெற்றியிலிருந்து வயிற்றுக்குப் போ என்றால் பொம்மையின் கை நேராக முகத்துக்குள் நுழைந்து நெஞ்சுக்குள்ளே இறங்கி வயிற்றில் வெளியே வந்தது. இடையில் உடம்பு இருக்கிறது, சுற்றிக்கொண்டு போ என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கவே மாசக்கணக்கானது.

ஞாயிற்றுக்கிழமைகளில் காது கேளாதவர்கள் கூட்டமாக வருவார்கள். கொமியூட்டர் ரயில் புதிதாக ஓடத் தொடங்கியிருந்த நேரம். போர்ட் கிள்ளானிலிருந்தும் சுங்கை பூலோவிலிருந்தும் ரயிலேறி வந்துவிடுவார்கள். தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் இருந்தார்கள். அந்த மாடியில் வாய்ப்பேச்சுக்காரர்கள் சாரும் நானும்தான். அவர்கள் தயவுதாட்சண்யமே பார்க்கமாட்டார்கள். பொம்மை பேசுவதைப் பார்த்துவிட்டு, இது குடித்திருக்கிறதா என்று கேட்பார்கள். சுங்கை பூலோவிலிருந்து ஆ செங் என்று ஒரு தச்சர் வருவார். இதற்குக் கழுத்தில் ஆணி அடித்திருக்கிறது, கழற்றுங்கள் என்றார். சார் கழுத்தை அசைய வைத்தார். சாருக்கு மூக்குப் பெயர் வைத்ததும் அந்த ஆ செங்தான்.

சரோஜாவுக்கு இடதுகைப் பழக்கம். சின்ன வயதில் அதற்காக அடி வாங்கி, சாப்பிடுவதையும் எழுதுவதையும் வலதுகைக்கு மாற்றிக்கொண்டாள். பேச்சை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை. அதனால் பொம்மையும் இடதுகைக்காரப் பொம்மையாகவே வளர்ந்தது. அதைப் பற்றி ஞாயிறு கூட்டத்தில் யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. எந்தக் கையால் பேசினாலும் அவர்களுக்குப் புரியும்.

பொம்மை ஒருமாதிரி தேறியதும் தனியார் மருத்துவமனை ஒன்று வைத்துப் பார்க்கச் சம்மதித்தது. பெயர் வேண்டாம், நல்லவர்கள். கவுன்டரில் ஒரு திரை நம்பர் கூப்பிட்டு வழி சொல்லும். டாக்டர் மேசையில் இன்னொரு திரை, எங்கே வலி, எப்போதிருந்து என்று கேட்கும். காது கேளாதவர்கள் உடம்பைத் தொட்டுக்காட்டியும் தலையாட்டியும் பதில் சொல்லலாம். சாரும் சரோஜாவும் அங்கே போய், எந்தப் பக்கம் எந்த அறை என்று பார்த்து, வழிக்கான வாக்கியங்களைத் தயார் செய்தார்கள்.

நிர்வாகி ஒரு தமிழ் அம்மாள், மரியாதையானவர். திரையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "இடது கையால வழி காட்டுது சார். நம்ம ஆளுங்களே கோச்சுக்குவாங்க, மலாய்க்காரங்க இன்னும் கோச்சுக்குவாங்க. வலது கையா மாத்தினாத்தான் நான் மேல கேட்க முடியும்" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. இந்த ஊரில் இடது கையால் ஒன்றை நீட்டினால் வாங்கவே யோசிப்பார்கள்.

சாருக்கு அது சின்ன வேலை. பக்கவாட்டு எண்களுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் பொம்மை இடம் வலமாக முழுசாகத் திரும்பிக்கொள்ளும். எந்தக் கையாலும் பேச்சு புரியும் என்பதால் ஒன்றும் கெடாது என்று கணக்குப் போட்டார். ஞாயிறு கூட்டம் பார்க்கட்டும் என்று காத்திருக்க நேரமில்லை, வியாழக்கிழமை வைத்துக்காட்ட வேண்டும். சரோஜா ஷிப்டில் இருந்தாள். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"எப்பிடி இருக்கு? வித்தியாசமாத் தெரியுதோ?"

"இல்லியே சார். எங்க சரோ மாதிரியேதான் இருக்கு."

எனக்கு அப்படித்தான் தெரிந்தது. வருஷக்கணக்காக அவள் பேச்சை வேன் கண்ணாடிக்குள் பார்த்துப் பழகியவன் நான். கண்ணாடிக்குள் அவள் எப்போதும் வலதுகைக்காரிதான்.

வியாழக்கிழமை முதல் ஆளாக ஆ செங்கை நிறுத்தினார்கள். பொம்மை அவருடைய நம்பரைக் கூப்பிட்டது. ரத்தம் எடுக்கும் அறைக்கு வழி சொல்லி, உள்ளே போய் உட்கார்ந்திரு என்றது. ஆ செங் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். நிர்வாகி அம்மாள் கை தட்டினார். நாங்கள் தேநீர் குடித்தோம். ரத்தம் எடுக்கும் அறையிலிருந்து ஒரு தாதி வந்து, ஆள் இன்னும் வரவில்லையே என்றார்.

பொம்மை திரும்பியபோது அது காட்டுகிற வழியும் திரும்பிவிட்டது. வலப்பக்கம் போக வேண்டியவரை இடப்பக்கம் அனுப்பியிருக்கிறது. அந்தப் பக்கம் இரண்டாவது கதவுக்குள்ளே கர்ப்பிணிப் பெண்களுக்கு மூச்சுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஆ செங் பின்வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்களைப் பார்த்து அவரும் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். ரத்தம் எடுப்பதற்கு முன்னால் இப்படி ஒன்று வைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்தாராம்.

ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்த சரோஜாதான் அவரைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தாள். வந்தவள் திரைக்கு முன்னால் நின்றாள். பொம்மை ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாரைப் பார்த்தாள். வேறு யாரையும் பார்க்கவில்லை.

சார் எழுந்து நின்றார். அத்தனை பேர் முன்னாலும், "பிழை என்ட. இந்தப் பிள்ளையைக் கேக்காமல் திருப்பினது நான்" என்றார். நிர்வாகி அம்மாள் பக்கம் திரும்பி, "நாளைக்கே பழையபடி மாத்திறன். இடக்கைதான் இருக்கும். விருப்பமெண்டால் வையுங்கோ, இல்லாட்டி நான் எடுத்துக்கொண்டு போறன்" என்றார். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தால் எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிடுவார் போல இருந்தது.

சரோஜா சாரின் ஸ்வெட்டர் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் பேசியதை நான் வாயால் சொன்னேன். "எந்தக் கையா இருந்தா என்னங்குறா சார். கவுன்டர் போயிடக் கூடாதாம்."

"அது உம்மட கையல்லோ, பிள்ளை."

அவள் இரண்டு கையையும் அவர் முன்னால் விரித்துக் காட்டினாள். "என் கை என்கிட்டதான் இருக்குங்குறா."

சார் நிர்வாகி அம்மாள் பக்கம் திரும்பினார். வலக்கையாகவே இருக்கட்டும், வழிக்கான வாக்கியங்களை மட்டும் திருத்தித் தருகிறேன், கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று கேட்டார். அந்த அம்மாள் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு கூட்டம் சாரை விடவில்லை. ஆளுக்கு ஆள் அவருடைய மூக்குப் பெயரை வேண்டுமென்றே மாற்றுக்கையால் காட்டிச் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். வழி காட்டும் சொற்களையெல்லாம் வலதுகைக்காரர் ஒருவரை வைத்துப் புதிதாக எடுக்க வேண்டும். ஆ செங்கையே நிறுத்தினார். அதனால் பொம்மை பாதி சரோஜாவாகவும் பாதி ஆ செங்காகவும் ஆனது. "உங்களுக்கு எங்கே வலிக்கிறது" என்று பதவிசாகக் கேட்கும். "அந்தப் பக்கம் போ" என்னும்போது மட்டும் பலகையில் ஆணி அடிக்கிற மாதிரி கையை வீசும். வாய்ப்பேச்சுக்காரர்களுக்கு அது தெரியாது. தெரிந்தவர்கள் கவுன்டரில் நின்று சிரித்தார்கள்.

சரோஜா தனியாக டாக்டரைப் பார்க்கப் போன நாளில் சாரும் வேனில் கூட வந்தார். மருத்துவமனை கார்பார்க்கில் மரத்தடியில் நிறுத்திக்கொண்டு இரண்டு பேரும் கச்சான் கடலை கொறித்தோம். அவர் பொம்மையைப் பற்றிப் பேசவில்லை. கச்சானை வறுப்பதா அவிப்பதா என்று பேசினார். நான் மூன்று தடவை இறங்கி ஏறினேன். "இரும், ஐ சே" என்றார்.

அவள் மருந்துப் பொட்டலத்தோடு வந்தாள். பின் சீட்டில் ஏறி, பொட்டலத்தைக் கைப்பைக்குள் வைத்து மூடினாள். கண்ணாடியில் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஆனால் முகம் நன்றாக இருந்தது.

"என்னவாம்?" என்றார் சார்.

"தெரியல சார். சொல்ல மாட்டேங்குறா."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "உமக்குத் தெரியாதெண்டால் எங்கட வேலை முடிஞ்சுது. வண்டியை எடும்."

அது என்ன நோய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்கு ஒருமாதிரிதான் இருந்தது. போகப் போகப் பழகிவிட்டது.

பொம்மை அந்தக் கவுன்டரில் ரொம்ப காலம் நிற்கவில்லை. மருத்துவமனை கம்ப்யூட்டர்களை மாற்றியது, பழைய பொம்மை புதியதில் ஓடவில்லை. சார் திரும்பவும் முதலிலிருந்து எழுதத் தொடங்கினார். குச்சி மனிதன் மட்டும் மறுபடி எழுந்து நின்றிருந்தான். அதற்குள் சாருக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது.

இறுதிச் சடங்கு பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் நடந்தது. தேவாரம் பாடி முடித்தார்கள். சாரின் மைத்துனர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சரோஜா என்னிடம் ஏதோ சொல்ல, என்ன என்று அவர் கேட்டார். சுங்கை பூலோ ரயில் இன்னும் வரவில்லை, அவர்கள் வராமல் எடுக்கக் கூடாது என்கிறாள் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆன்டி, "நிக்கட்டும்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டார். ஆ செங்கும் மற்றவர்களும் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்து, வரிசையாகச் சுற்றி வந்து கும்பிட்டார்கள்.

கடைசியாக சரோஜா போய் சாரின் தலைமாட்டில் நின்று பேசத் தொடங்கினாள். நான் வாசல் பக்கம் திரும்பி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆன்டி என் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, அவ என்ன சொல்லுறா?"

"நான் பாக்கல ஆன்டி."

ஆன்டி என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரும் என்னோடு சேர்ந்து ரோட்டைப் பார்த்து நின்றார். ஒரு ஐஸ்கிரீம் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. ரொம்ப நேரம் கழித்து சரோஜா வந்து என் தோளைத் தட்டினாள். அப்புறம்தான் திரும்பினேன்.

சார், அவள் சொன்னதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.